தோழிகளை வீட்டுக்கு மாலைத் தேநீருக்கு அழைக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பத்துத் தோழிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீட்டுக்கு அழைக்க விரும்புவதாகவும், ஆங்கிலேயர் முறைப்படி சாண்ட்விச், கேக் எல்லாம் அடுக்குத் தட்டில் வைக்க வேண்டுமா என்பதில் குழப்பம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கல்லூரித் தோழிகள் கூடுவது ஆறேழு ஆண்டுகளாகத் தொடர்கிறது. தட்டு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அழைத்தவர் விருந்தினரோடு உட்கார்ந்திருக்கும்படி எல்லா வேலையும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், அதையும் வருத்தத்தோடுதான் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை பதினான்கு பேரை அழைத்திருந்தேன். பஜ்ஜியைச் சூடாகவே தர வேண்டும் என்ற பிடிவாதத்தில், மூன்றரை மணி முதல் ஆறு மணி வரை எண்ணெய்ச் சட்டியின் முன்னாலேயே நின்றேன். ஒரு தோழி இரண்டு முறை அடுப்படி வாசல் வரை வந்து நின்றுவிட்டு, "நீ வேலையப் பாரு கண்ணு, அப்புறம் பேசிக்கலாம்" என்று திரும்பிப் போனாள். அவளுடைய அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அந்த வாரம்தான் தெரியவந்திருந்தது என்பதும், அதைச் சொல்லத்தான் அவள் வந்தாள் என்பதும் பத்து நாள் கழித்து வேறொருவர் மூலம் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து, விருந்து நாளன்று எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. எட்டுப் பேருக்கு மேல் அழைப்பதும் இல்லை. எட்டுப் பேர் வரை ஒரே பேச்சில் எல்லோரும் இருக்க முடிகிறது. அதற்கு மேல் போனால் கூட்டம் இரண்டு மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. உங்கள் பத்துப் பேரை இரண்டு ஞாயிறுகளாகப் பிரித்து அழைக்க முடியுமானால் அப்படியே செய்யுங்கள்.

தேநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் பிசகு நேர்வது அதில்தான். ஆழியாற்றைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள் வந்துவிடும். பால் தேநீருக்கு அங்கிருந்து வரும் குருணைத் தூளே போதும். எட்டுப் பேருக்கு ஒரு சுற்று என்றால் அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர், அரை லிட்டர் பால், ஆறு தேக்கரண்டித் தூள் என்பது என் கணக்கு. இஞ்சியைத் தட்டித் தண்ணீரில் முதலிலேயே நன்றாகக் கொதிக்க விட வேண்டும். பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால், கொதிக்காத இஞ்சி பாலில் சேர்ந்தால் பால் திரிந்துபோகலாம். பிறகு தூளைப் போட்டு இரண்டு நிமிடம் கொதித்ததும் இறக்கி, மூடி வைத்து, வடிகட்டிவிடுங்கள். இந்த டிக்காஷனை இரண்டு சுற்றுக்கும் சேர்த்து இறக்கி பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டால், பாலை மட்டும் அவ்வப்போது காய்ச்சிக் கலந்துவிடலாம். பால் கலந்த தேநீரைப் பிளாஸ்கில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வாடை மாறிவிடும். தூள் நீங்கிய டிக்காஷன் அப்படி ஆவதில்லை, மேலும் கசப்பதும் இல்லை.

இனிப்பை எப்போதும் தனியாகவே வையுங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை எங்கள் தோழிகளுக்கு மிகவும் பிடிக்கும் என்றாலும், கொதிக்கும் பாலில் அதைப் போட்டால் பால் திரிய வாய்ப்பு உண்டு என்பதால், டம்ளரில் ஊற்றிய பிறகே கலந்துகொள்கிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாட்டுச் சர்க்கரை தங்களுக்கு ஆகும் என்று நம்பிக் கூடுதலாகப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் சர்க்கரைதான் என்பதை அன்போடு சொல்லிவிடுங்கள். பால் வேண்டாதவர்களுக்குக் குன்னூர்ப் பக்கத்து இலைத் தேயிலையைக் கொதித்த தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் ஊற வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுக்கலாம்.

அடுக்குத் தட்டு கட்டாயமில்லை. இங்கிலாந்தில் 1840களில் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா இந்த வழக்கத்தைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். மதிய உணவுக்கும் மிகத் தாமதமான இரவு உணவுக்கும் இடையில் எடுத்த பசியே அதற்குக் காரணம். நம் வீடுகளிலும் நான்கு மணிப் பசி அதேதான், அதற்கு நம்மிடம் இருப்பதே போதுமானது. சாண்ட்விச் செய்தே தீர வேண்டும் என்றால், ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெயைத் தடவிய பிறகு வெள்ளரிக்காயை வையுங்கள், ரொட்டி நனையாது.

நான் வைப்பது எலுமிச்சைச் சந்தகை. புழுங்கலரிசியை ஊற வைத்து அரைத்து, இட்லியாக வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும் என்பதால் அந்த வேலை காலையிலேயே முடிந்துவிடுகிறது. தாளித்து எலுமிச்சை சேர்த்த பிறகு மாலை வரை மிருதுவாகவே இருக்கும். அதோடு முந்தின நாள் சுட்ட கச்சாயம் என்ற இனிப்புப் பலகாரம் ஆளுக்கு ஒன்று, உப்புப் போட்டு வேக வைத்த கடலைக்காய். கடலைக்காயைத் தொலி உரித்துக்கொண்டே பேசும்போது, யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சொல்லத் தயங்கும் விஷயங்கள் அப்போதுதான் வெளியே வருகின்றன.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றில் வாசலில் வைத்த தேநீர் உடனே ஆறிவிடும் என்பதால் அப்போது மட்டும் உள்ளே உட்காருகிறோம். மற்ற மாதங்களில் வேப்பமரத்தடிதான். வருபவர்களுக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, ஒரு கால் மணி நேரம் பேசவிட்டு, அதன் பிறகே தேநீர்.

புறப்படும்போது வெற்றிலை, பாக்கு, குங்குமம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களில் இரண்டு பேர் கணவரை இழந்தவர்கள். அந்த நேரத்தில் அவர்கள் மெதுவாக ஒதுங்கி நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் இப்போது எல்லோருக்கும் ஒரே மாதிரியாக ஒரு முழம் மல்லிகைப்பூ, தோட்டத்துத் தேங்காய் இரண்டு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை என்று காலையிலேயே பைகளில் போட்டுக் கதவோரம் வைத்துவிடுகிறேன்.