எச்-இண்டெக்ஸ் 62-ஆ, 19-ஆ? மகளை யாரிடம் அனுப்புவது?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகள் முதுகலை முடித்துவிட்டாள், டிபியும் எச்ஐவியும் சேர்ந்து வருவதைப் பற்றி முனைவர் பட்டம் செய்யப்போகிறாள், டர்பனில் இரண்டு பேராசிரியர்கள் அவளை எடுத்துக்கொள்ளத் தயார். ஒருவருக்கு எச்-இண்டெக்ஸ் 62, இன்னொருவருக்கு 19. "நான் 62-ஐச் சொல்கிறேன், அவள் 19 உள்ளவரிடம்தான் போவேன் என்கிறாள். இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?"

அக்கா, இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. 62 என்றால், அவருடைய 62 கட்டுரைகள் ஒவ்வொன்றும் மற்ற கட்டுரைகளில் குறைந்தது 62 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஏறுமே தவிர இறங்காது, அதனால் முப்பது வருடம் உழைத்தவர் பக்கத்தில் பத்து வருடக்காரரை நிறுத்துவது நியாயமில்லை. அப்புறம், மேற்கோள்களை எண்ணும் தளங்களில் ஒருவரைக் கூகுள் ஸ்காலரிலும் மற்றவரை ஸ்கோபஸிலும் பார்த்தீர்களா? கூகுள் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணுவதால் அங்கே எண் பெரிதாகத்தான் வரும்.

தொற்றுநோய்த் துறையில் கூட்டுக் கட்டுரைகள் வேறு இருக்கின்றன. உலக நோய்ச்சுமை ஆய்வு மாதிரி ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்கள் பெயர் இருக்கும், அது பெறும் மேற்கோள் எல்லோர் கணக்கிலும் ஏறும். அதனால் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலைத் திறந்து, அதிகம் மேற்கோள் பெற்ற முதல் பத்துக் கட்டுரைகளில் அவர் பெயர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வழக்கமாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுவை நடத்தியவருடையது. பட்டியல் அவருடையதுதானா என்பதையும் பாருங்கள்: கவுண்டர் கோவெண்டராகவும் முதலி மூட்லியாகவும் ஆன நம் தென்னாப்பிரிக்காவில் ஒரே குடும்பப் பெயரில் எத்தனையோ ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், ஒருவர் கட்டுரை இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆய்வாளருக்கு ஆள் குழம்பாமல் இருக்கத் தரும் ஆர்கிட் எண்ணை அவர் வைத்திருந்தால் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடலாம்.

மேற்கோள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு டர்பனிலேயே உதாரணம் இருக்கிறது. காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆய்வு நிறுவனத்தில் குர்ரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் குழு 889 பெண்களிடம் டெனோஃபோவிர் என்ற எச்ஐவி மருந்து கலந்த ஜெல்லைச் சோதித்தது. எச்ஐவி தொற்று 39 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2015-இல் ஃபேக்ட்ஸ் 001 என்ற பெரிய சோதனையில் அந்தப் பலன் உறுதியாகவில்லை, ஜெல்லும் கிளினிக்குக்கு வரவில்லை. அதற்காக அந்த வேலை வீணில்லை. எச்ஐவி மருந்தைக் கொண்டே ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ள முடியும் என்று காட்டியது அது. அதே 2010-இல் அதே நிறுவனத்தின் சாபிட் ஆய்வு, 642 நோயாளிகளில், டிபி சிகிச்சை நடக்கும்போதே எச்ஐவி மருந்தையும் தொடங்கினால் இறப்பு 56 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு அது. எது புது வழியைத் திறந்தது, எது நேராக நோயாளியிடம் போய்ச் சேர்ந்தது என்று மேற்கோள் எண் பிரித்துச் சொல்லாது. "இந்த முடிவு எங்களுக்கு வரவில்லை" என்று எழுதுகிறவரின் கட்டுரையும் ஒரு மேற்கோளாகத்தான் கூடும். அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் டிபி வழிகாட்டிகளில் அந்த இரண்டு பேராசிரியர்களின் ஆய்வு எடுத்தாளப்பட்டிருக்கிறதா என்று மகளைத் தேடச் சொல்லுங்கள்.

நம் தேசிய ஆய்வு நிதியமான என்ஆர்எஃப் தரும் மதிப்பீட்டையும் கேளுங்கள். ஏ, பி, சி என்று தரும் அந்தத் தரம், அதே துறைக்காரர்கள் சமீப வருட வேலைகளைப் பார்த்துச் சொல்வது. எனக்கு அது எச்-இண்டெக்ஸைவிடப் பெரிது.

ஆனால் முனைவர் மாணவிக்கு இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு: அவரிடம் படித்தவர்கள் முதல் பெயராகக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்களா, எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? 62 உள்ளவர் பாதி நாள் வெளிநாட்டுக் கூட்டங்களில் இருந்தால், அவள் எழுதியதைப் படித்துத் திருத்தப்போவது யார்? 19 உள்ளவருடைய மாணவர்கள் நேரத்தில் முடித்து, முதல் பெயரில் எழுதியிருந்தால், மகள் சொல்வதுதான் சரி, அவள் போக்கில் விடுங்கள். கையெழுத்துப் போடும் முன் இரு குழுவிலும் இப்போது படிக்கும் ஒருவரிடம் அவள் தனியாக, பேராசிரியர் இல்லாத இடத்தில், அரைமணி நேரம் பேசட்டும்.