உழவு இயந்திரப் பெட்டியின் பின்விளக்கு மங்கினால் பல்ப்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வயல் சாகாமத்துப் பக்கம். பெரும்போக அறுவடைக்கு முன் உழவு இயந்திரம் பின்னால் இழுக்கும் பெட்டிக்குப் புதிதாக வர்ணம் பூசி, பின்விளக்குகளையும் கழற்றிப் பூட்டினேன். அன்றிலிருந்து, லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குகிறது. சிக்னல் போட்டால் மறுபக்கமும் சேர்ந்து மினுங்குகிறது. மூன்று தடவை பல்ப் மாற்றிவிட்டேன். தம்பியின் பெட்டியைப் பூட்டினால் எல்லாம் ஒழுங்காக எரிகிறது. இன்னொன்று, நெல் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, திருப்பினால் உடனே திரும்புவதில்லை. என்ன செய்யலாம்? (திருக்கோவிலில் இருந்து ஒரு விவசாயி)

பதில்: இனிப் பல்ப்புக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தம்பியின் பெட்டி சரியாக எரிகிறது என்பதால் உழவு இயந்திரத்தின் வயரிங்கில் குறையில்லை. உங்கள் பெட்டியில் எர்த் கெட்டிருக்கிறது. அதைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தப் புது வர்ணம்தான்.

பற்றரியிலிருந்து பல்ப்புக்குப் போகும் மின்சாரம் திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். அதுதான் எர்த். பல பெட்டிகளில் அதற்கென்று தனி வயர் கிடையாது. விளக்கின் ஆணி, பெட்டியின் இரும்பு, இழுவைக் கம்பு, கொழுவும் பின் (pin) என்று சுற்றித்தான் அது திரும்புகிறது. ஆணிக்கும் இரும்புக்கும் நடுவே வர்ணம் ஒரு தோலாகப் படிந்தால் அந்த வழி அடைபடும். வடிச்சல் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரம்பு மேவிப் பக்கத்து வயலுக்குள் இறங்குகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் அதே பல்ப்பிலுள்ள பின்விளக்கு இழை வழியாக மற்ற விளக்குகளுக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கிறது. அதனால்தான் ஒன்று மங்குகிறது, சம்பந்தமில்லாத மற்றொன்று மினுங்குகிறது.

சோதிக்க நீளமான ஒரு வயர் போதும். ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையில் இறுக்குங்கள். லைட்டைப் போட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை விளக்குக் கூட்டின் உலோகத்தில் தொடுங்கள். கூடு பிளாஸ்டிக் என்றால் பல்ப் ஹோல்டரில் தொடுங்கள். தொட்ட கணமே வெளிச்சம் பளிச்சென்று ஏறினால் குறை எர்த்தில்தான். சிறிய சோதனை விளக்கை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். 5 வாட் பல்ப் ஏறத்தாழ 0.4 அம்பியர்தான் எடுக்கும். அரைகுறை எர்த்திலும் அது எரிந்துவிடும். 21 வாட் பிரேக் பல்ப் 12 வோல்ட்டில் 1.75 அம்பியர் கேட்கும். குறை அப்போதுதான் வெளியே வரும்.

திருத்தும் விதம் இதுதான். விளக்கைக் கழற்றி, ஆணி உட்காரும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். பல் வைத்த வாசர் போட்டு இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். கிரீஸை முதலில் பூசிவிட்டு இறுக்குவது பிழை. இத்தோடு நிறுத்திவிடாமல், இரண்டு விளக்குக் கூடுகளிலிருந்தும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றை, பெட்டியை இயந்திரத்தோடு இணைக்கும் பிளக்கின் எர்த் முனைவரை இழுத்துவிடுங்கள். கொழுவும் பின்னை நம்பும் எர்த், ஒவ்வொரு பள்ளத்திலும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். கடற்காற்று வீசும் நம் கரையோரத்தில் செம்பு வயர் ஆறு மாதத்திலேயே பச்சை பிடிப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்து ஒட்டி மூடுங்கள்.

வழக்கமான ஏழு முனைப் பிளக்கில் 3ஆம் முனைதான் எர்த். 1 இடது சிக்னல், 4 வலது சிக்னல், 5 வலது பின்விளக்கு, 6 பிரேக், 7 இடது பின்விளக்கு. வயரின் நிறத்தைப் பார்க்காதீர்கள். பலர் கை வைத்த பெட்டியில் நிறம் எப்படியும் மாறியிருக்கும். பிளக்கில் பொறித்திருக்கும் இலக்கத்தையே பாருங்கள். பியூஸ் போனால் பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதும் வயரிங்கையே எரித்துவிடும். பெரும்பாலும் இழுவைக் கம்பு திரும்பும் இடத்தில் வயர் உரசித் தோல் போயிருக்கும்; முதலில் அங்கே தடவிப் பாருங்கள்.

முன்சக்கரம் லேசாவது விளக்கைவிடப் பெரிய ஆபத்து. அதைத் தள்ளிப் போடாதீர்கள். மூட்டைகளை முன்பலகையோடு அடுக்கியிருப்பீர்கள். பாரம் முழுவதும் கொழுக்கியில் இறங்கி, இயந்திரத்தின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. பாரத்தின் நடு, பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் கம்பு மேலெழும்பும், இயந்திரத்தின் பின்சக்கரம் பிடிப்பு இழக்கும், பெட்டி வாலாட்டத் தொடங்கும். கொழுவும் இடம் இயந்திரத்தின் பின் அச்சுக்குக் கீழே, தாழ்வாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உயரத்தில் கொழுவி இழுத்தால் இயந்திரம் பின்புறமாகக் கவிழ்ந்து, ஓட்டுபவர் அதன் கீழே அகப்பட்டுவிடுவார்.

வயலில் தனித்தனியாக மிதிக்கும் இடது, வலது பிரேக் மிதிகளைத் தெருவில் ஏறுமுன் ஒன்றாகப் பூட்டுங்கள். பூட்டாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் சுழன்றுவிடும். பாலத்தின் இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். பிரேக் இல்லாத பெட்டி பின்னாலிருந்து தள்ளும்.

மாலையில் அக்கரைப்பற்று வீதியில் ஏறுமுன் ஒருவரைப் பெட்டிக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நிறுத்தி, பின்விளக்கு, பிரேக், இரண்டு சிக்னல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்யுங்கள். பின்பலகைக்கு மேலால் தொங்கும் சாக்கோ வைக்கோலோ விளக்கை மறைத்தால் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். இரண்டு மூலைகளிலும் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டுங்கள். டயர் காற்றுப் போய் பெட்டியைக் கழற்றித் தெருவோரம் விட நேர்ந்தால், மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது மட்டுமே தெரியும்.