பிரவுசரில் சாவி தெரிந்துவிட்டது, டேட்டாபேஸ் தப்புமா?

கேள்வி: எங்கள் தையல் கடையின் இரண்டு கிளைகளுக்கும் ஆர்டர் குறித்துவைக்க ஒரு வலைச் செயலி எழுதினேன். பிரவுசரிலிருந்து நேராக சூப்பாபேஸ் என்ற இணையச் சேவையில் உள்ள டேட்டாபேஸுக்குப் போகிறது. நண்பர் ஒருவர் எஃப்12 அழுத்தி, அதன் சாவியை எடுத்துக் காட்டிவிட்டார். வாடிக்கையாளர்களின் போன் நம்பர், அளவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சாவியை எப்படி மறைப்பது? கடை ஐபிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதுமா?

பதில்: அவர் காட்டியது எந்தச் சாவி என்று முதலில் பாருங்கள். அனான் கீ, அல்லது இப்போதைய பெயரில் பப்ளிஷபிள் கீ என்றால் பதற வேண்டாம். வெளியே தெரியட்டும் என்றே கொடுக்கப்படும் சாவி அது. மறைக்க நினைத்தாலும் முடியாது. பிரவுசருக்குப் போனதெல்லாம் பார்ப்பவர் கைக்குப் போனதுதான். சர்வீஸ் ரோல் கீ என்றால் கதை வேறு. யார் எதைப் பார்க்கலாம் என்று நீங்கள் போடும் எந்த விதியையும் அது தாண்டிப் போகும். கோடிலிருந்து அழித்தால் போதாது, கோடின் பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கிட் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். பழைய சாவியைச் செல்லாததாக்கிவிட்டு மேலே படியுங்கள்.

ஐபி கட்டுப்பாடு உங்களுக்கு உதவாது. சூப்பாபேஸில் அந்த வசதி, அடியில் ஓடும் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு நேரடியாக வரும் இணைப்பை மட்டுமே காக்கிறது. பிரவுசர் வருவதோ எச்டிடிபிஎஸ் வழியாக. அந்த வாசலுக்கு இது பொருந்தாது. எந்தத் தளத்திலிருந்து வரும் கோரிக்கையை ஏற்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கார்ஸ் (CORS) போட்டால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். கார்ஸை மதிப்பது பிரவுசர் மட்டும்தான். பிரவுசர் இல்லாமலே கோரிக்கை அனுப்பும் கர்ல் (curl) போன்ற கருவி வைத்திருப்பவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார்.

ஆக, யாருக்கு எந்த வரிசை என்பதை டேட்டாபேஸே முடிவுசெய்ய வேண்டும். போஸ்ட்கிரஸில் இதற்கான வசதி ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது வரிசை வாரியான பாதுகாப்பு. 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. போஸ்ட்கிரஸின் இயல்பில் அது அணைந்தே கிடக்கும், ஒவ்வொரு டேபிளுக்கும் நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கிவிட்டு விதி எதுவும் எழுதாவிட்டால், பிரவுசருக்கு ஒரு வரிசைகூட வராது. எர்ரரும் வராது, வெறும் காலிப் பட்டியல்தான். செயலி கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் திரும்ப அணைத்துவிடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

அடுத்த சறுக்கல், "லாகின் செய்தவர் எல்லாம் பார்க்கலாம்" என்று விதி எழுதுவது. புது யூஸர் பதிவைத் திறந்து வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு மெயில் ஐடியோடு வந்து லாகின் செய்துவிடலாமே! உங்களுக்கு வேண்டியது கடை ஆட்களுக்கான கணக்கு மட்டும்தான். பதிவை மூடிவிட்டு, கணக்குகளை நீங்களே உண்டாக்குங்கள். பிறகு ஊழியர் டேபிள் ஒன்றில் யார் எந்தக் கிளை என்று குறித்து, ஆர்டரின் கிளையும் ஊழியரின் கிளையும் ஒன்றாக இருந்தால் மட்டும் காட்டும்படி விதி எழுதுங்கள். கிளைப் பெயரை யூஸர் மெட்டாடேட்டாவில், அதாவது லாகின் கணக்கோடு ஒட்டிய கூடுதல் விவரத்தில், வைக்காதீர்கள். யூஸரே அதை மாற்றிக்கொள்ள முடியும்.

அந்த ஊழியர் டேபிளிலும் ஒரு கண் வேண்டும். தன் வரிசையைத் தானே திருத்தலாம் என்று விட்டால், போன் நம்பரை மாற்ற வந்தவர் கிளையையும் மாற்றலாம், 'உரிமையாளர்' என்றும் போட்டுக்கொள்ளலாம். ரோ லெவல் செக்யூரிட்டி என்ற பெயரிலேயே இருக்கிறதே, அது வரிசையைத்தான் காக்கும். வரிசைக்குள் எந்தக் கட்டத்தைத் தொடலாம் என்று பார்க்காது. நானாக இருந்தால் அந்த டேபிளில் எழுதும் உரிமையை பிரவுசருக்குக் கொடுக்கவே மாட்டேன். நாலைந்து பேர் உள்ள கடையில் மாதம் ஒரு தடவை நீங்கள் கையால் திருத்தினால் போகிறது. வியூ, அதாவது டேபிள் போலவே படிக்கத் தரும் சேமித்த கேள்வி, ஏதாவது வைத்திருந்தால் அதையும் பாருங்கள். செக்யூரிட்டி இன்வோக்கர் என்று சொல்லாமல் உண்டாக்கிய வியூ, அதை உண்டாக்கியவரின் உரிமையில் ஓடும். அடியில் உள்ள டேபிளின் விதி அங்கே எடுபடாமல் போகலாம்.

சோதனையை சூப்பாபேஸின் எஸ்கியூஎல் எடிட்டரில் செய்யாதீர்கள். அது வழக்கமாக விதிகள் கட்டுப்படுத்தாத கணக்கில் ஓடுவதால் எல்லா வரிசையையும் காட்டும். உங்கள் நண்பரையே மறுபடி கூப்பிடுங்கள். பப்ளிஷபிள் கீயை மட்டும் வைத்து, லாகின் இல்லாமல், ஆர்டர் டேபிளைக் கேட்கட்டும். ஒரு வரிசைகூட வரக் கூடாது. அப்புறம் ஒரு கிளை ஊழியரின் லாகினில் மற்ற கிளையின் ஆர்டரைப் படிக்கவும், திருத்தவும், அந்தக் கிளையின் பெயரில் புது ஆர்டர் சேர்க்கவும் முயலட்டும். மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். படிப்பதை மட்டும் பூட்டிவிட்டு எழுதுவதைத் திறந்து வைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

வாட்ஸாப்பில் பில் அனுப்புவது போன்ற வேலைக்கு சர்வீஸ் ரோல் கீ வேண்டியிருந்தால், அதை சூப்பாபேஸின் சர்வரில் ஓடும் எட்ஜ் ஃபங்ஷனுக்குள் வைத்து, கேட்பவர் யார் என்று அங்கேயே சரிபார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.