அலெக்சாண்டர் கிறிஸ்தவப் பெயர்தானே? இந்துக் குழந்தைக்கு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். அந்தப் பெயரோடு வாழ்கிறவன் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் யாரோ முகம் சுளித்திருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள், சரியா?

அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மாசிடோனியாவின் அலெக்சாண்டர் பிறந்தது கி.மு. 356, அப்போது கிறிஸ்தவமே கிடையாது. அவருக்கும் முன்னால், கிரேக்கக் காவியமான இலியட்டில் ஹெலனைக் கூட்டிக்கொண்டு போன பாரிஸுக்கு அலெக்சாண்ட்ரோஸ் என்றும் பெயர் உண்டு. அதைவிடப் பழைய மைசீனிய (பண்டைய கிரேக்க நாகரிகம்) களிமண் பலகை ஒன்றில் அலெக்சாண்ட்ரா என்று ஒரு பெண் இருக்கிறாள். கிறிஸ்துவுக்கு முன் யூதர்களை ஆண்ட ஓர் அரசர் அலெக்சாண்டர் ஜன்னேயஸ். பாரசீகம், அரபு வழியாக வந்தபோது இஸ்கந்தர், சிக்கந்தர் ஆயிற்று. ஹைதராபாத் பக்கத்து செகந்திராபாத்கூட மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரில் வந்ததுதான். ரஷ்யாவில் செல்லமாக சாஷா. போப்புகளும் வைத்துக்கொண்டார்கள், அதை நான் மறுக்கவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள்.

எனக்கு வைத்தது அப்பா. வரலாற்றுப் பைத்தியம். தம்பிக்கு, அலெக்சாண்டரை எதிர்த்துப் போரிட்ட மன்னனின் பெயரான போரஸ் என்று வைக்கப் பார்த்தார், பாட்டி குறுக்கே நின்றதால் அவன் செந்தில்குமாராகத் தப்பித்தான்.

கல்யாணமான புதிதில் வீடு தேடும்போது ஒரு ஓனர் போனில் என் பெயரைக் கேட்டதும் “வேற ஆளுக்குப் பேசிட்டோம் தம்பி” என்று வைத்துவிட்டார். அதே வீட்டைப் புரோக்கர் மறுபடி காட்ட, நெற்றியில் திருநீறோடு போய் நின்றேன். பெயரைச் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “அட, நம்ம ஆளா நீங்க, முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். அட்வான்ஸ் பணம் பையில் இருந்தது, கொடுக்காமல் வந்துவிட்டேன். எல்லா ஓனர்களும் இப்படி என்று சொல்லவில்லை, இப்போது இருக்கிற வீட்டுக்காரர் தங்கமானவர். ஆனால் உண்மையிலேயே கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருக்கிறவர்கள் திருநீறு பூசிக்கொண்டா போய் நிற்க முடியும்?

பெயரால் எனக்கு நிஜமான தொல்லை விண்ணப்பப் படிவத்தில்தான். இனிஷியல் மட்டும் வைத்திருக்கிற நாம் சர்நேம் கட்டத்தில் எதை எழுதுவது? ஒன்றில் அப்பா பெயரைப் போட்டேன், இன்னொன்றில் அதைக் காலியாக விட்டேன், இரண்டும் பொருந்தவில்லை என்று விசா விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், பிறப்புச் சான்றிதழிலேயே இனிஷியலை விரித்து எழுதி வாங்கிவிடுங்கள்.