அரை இட்லியோடு எழுந்து ஓடும் பாப்பாவுக்கு எவ்வளவு சாப்பாடு போதும்?

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். எடை 10 கிலோ. காலையில் அரை இட்லி, மதியம் நாலு வாய் சோறு; அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. பால் மட்டும் பாட்டிலில் நாலைந்து தடவை, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் குடித்துவிடுகிறாள். சாயங்காலம் அவளுடைய ஆயா டீயில் பொறை நனைத்துக் கொடுக்கிறார். பசிக்கு டானிக் கொடுக்கலாமா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இந்த வயதுப் பெண் குழந்தைக்கு 10 கிலோ நல்ல எடைதான். முதல் பிறந்தநாளுக்குப் பிறகு வளரும் வேகம் குறையும், கூடவே பசியும் குறையும். இரண்டாவது வருடம் முழுக்க ஏறுவதே இரண்டு, இரண்டரை கிலோதான்.

1 முதல் 3 வயது வரை ஒரு நாளைக்கு 1000 முதல் 1100 கலோரி போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2011-ல் தந்த கணக்கில் தானியம் 60 கிராம், பருப்பு 30 கிராம், எல்லாம் சமைக்காத எடை. 60 கிராம் தானியம் என்றால் காலை நாஸ்டாவுக்கு ஒரு இட்லி, மதியம் சின்னக் கிண்ணத்தில் குழைந்த சோறு, ராத்திரி அரை தோசை. அவ்வளவுதான்! நம் வீடுகளில் குறைவது சோறு இல்லை, பருப்பு. பருப்புத் தண்ணியை இறுத்து ஊற்றினால் சத்து சட்டியிலேயே நின்றுவிடும். கெட்டியாகக் கடைந்த பருப்பைப் பிசைந்து, மேலே ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். பருப்புக்குப் பதில் ஒரு முட்டை கொடுக்கலாம். காசிமேட்டில் சங்கரா வாங்கினால், சதையை விரலால் உதிர்த்து முள் இல்லையென்று தடவிப் பார்த்து ஊட்டுங்கள். சுறா மட்டும் வேண்டாம், அதில் பாதரசம் அதிகம். கீரை, காய், பழம் தினமும் கொஞ்சம் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் சிக்கல் பால்தான். ஒரு லிட்டர் பாலிலேயே 600 கலோரிக்கு மேல் போய்விடுகிறது. சர்க்கரை போட்டால் இன்னும் கூடும். அப்புறம் இட்லிக்கு வயிற்றில் எங்கே இடம்? பாலில் இரும்புச்சத்து ஏறக்குறைய கிடையாது, அதனால் பால் மட்டுமே குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் ரத்தசோகை வரும். மலச்சிக்கலும் சேரும். 400, 500 மில்லிக்கு மேல் தேவையில்லை. ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதலில் ராத்திரி பாட்டிலை நிறுத்துங்கள், அது பல்லையும் கெடுக்கும். பிறகு நாஸ்டாவுக்கு முன்னால் கொடுப்பதை நிறுத்துங்கள். மிச்சப் பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில் கொடுங்கள். நாலைந்து நாள் அழுவாள், அடம் பிடிப்பாள். அதற்குள் மனசு இளகிப் பாட்டிலை எடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

டீ, சாப்பாட்டிலிருந்து வரும் இரும்பையும் உடலில் சேரவிடாது. ஆயா மனசு கோணாமல், பொறைக்குப் பதில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து அவர் கையாலேயே ஊட்டச் சொல்லுங்கள். முழு வேர்க்கடலை, முழு திராட்சை இரண்டும் தொண்டையில் அடைக்கும், தவிர்க்கவும்.

அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டது போதும், தட்டை எடுத்துவிடுங்கள். செல்போனைக் காட்டித் திணித்தால், வயிறு நிறைந்ததே அவளுக்குத் தெரியாது.

பசி டானிக் தேவையில்லை. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பாருங்கள். வாரம் இரண்டு முறை கொடுக்கவேண்டிய இரும்புச்சத்து சிரப்பையும் அங்கே கேளுங்கள். மூன்று மாதமாக எடை ஏறவில்லை, கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறது, சுவரைச் சுரண்டியோ பல்பத்தையோ தின்கிறாள் என்றால் தள்ளிப்போடாமல் ஸ்டான்லி மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் காட்டி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.