வெனிசுலா மக்கள் விமானத்தில் போகாமல் டேரியன் காட்டுக்குள் நடந்தது ஏன்?

நல்ல கேள்வி. ஒரு காலத்தில் விமானத்தில்தான் போனார்கள். மெக்சிகோவில் இறங்கி, அங்கிருந்து அமெரிக்க எல்லைக்குப் போய்விடலாம். 2022 ஜனவரியில் வெனிசுலாக்காரர்களுக்கு விசா கட்டாயம் என்று மெக்சிகோ அறிவித்தது. அப்புறம் மிச்சமிருந்தது காட்டுவழிதான்.

கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே கிடையாது. அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை போகும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை அறுந்துபோகும் ஒரே இடம் இந்த டேரியன். கொலம்பியாவின் நெகோக்லி கடற்கரையில் கூடாரம், ரப்பர் பூட்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு, படகில் வளைகுடாவைத் தாண்டி, பிறகு நாள்கணக்கில் நடக்க வேண்டும். சேறு, திடீர் வெள்ளம், வழிப்பறி, பாலியல் வன்முறை. கொலம்பியா பக்கத்தில் காசு வாங்கிக்கொண்டு வழிவிடுவது கிளான் டெல் கோல்ஃபோ என்ற ஆயுதக் கும்பல்.

கணக்கைப் பாருங்கள். 2021-ல் இந்தக் காட்டைக் கடந்த வெனிசுலாக்காரர்கள் 3,000 பேர்கூட இல்லை. 2022-ல் சுமார் 1.5 லட்சம். 2023-ல் எல்லா நாட்டினரும் சேர்ந்து 5.2 லட்சம், அதில் ஒரு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள். அந்த எண்ணிக்கையைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

விசா விதி வந்ததும் ஆட்கள் நின்றுவிடவில்லை, பாதை மட்டும்தான் மாறியது. பொருளாதாரம் நொறுங்கிய ஊரில் இருக்க முடியாமல்தான் கிளம்பினார்கள். அந்தக் காரணம் அப்படியே இருந்தது. சரி, இப்போது? 2025-ல் அமெரிக்கா தஞ்சக் கதவை ஏறக்குறைய மூடியதும், பலர் பனாமாவிலிருந்து படகேறித் தெற்கே திரும்பத் தொடங்கினார்கள்.