கேள்வி பதில்: ஜீன் ஸ்மித் ஏறிய படிகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் ஆடியவர்கள் பின்னாளில் விளையாட்டுத் துறை இயக்குநராகிறார்களே, ஆடிய பெயர் ஒன்றே போதுமா?
– வாசகர், ஈரோடு

போதவே போதாது. ஜீன் ஸ்மித்தையே பாருங்கள். க்ளீவ்லேண்டில் பிறந்த அவர், 1973-ல் தேசிய சாம்பியனான நோட்ர டேம் பல்கலைக்கழக அணியின் தடுப்பு ஆட்டக்காரர். (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் இது, நம் ஊர்க் கால்பந்து அல்ல.) வணிக நிர்வாகம் படித்தார், அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தார், பிறகு ஐ.பி.எம்.மில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தார். நிர்வாகத்துக்குள் அவர் நுழைந்தது 1983-ல், ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். அங்கேயே இயக்குநரானார். 1993-ல் அயோவா ஸ்டேட், 2000-ல் அரிசோனா ஸ்டேட், 2005 முதல் 2024 வரை ஒஹாயோ ஸ்டேட்.

இந்த வரிசைதான் முக்கியம். சிறிய பல்கலைக்கழகத்தில் டிக்கெட் வருமானம் குறைவு. நன்கொடையாளர்களைத் தேடிப் போக வேண்டும், கிடைத்ததை எல்லா அணிகளுக்கும் பங்கிட வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் ஒஹாயோ ஸ்டேட்டில் திணறிவிடுவார். அங்கே 36 அணிகள். நீச்சல், மல்யுத்தம், படகு என்று பெரும்பாலானவை ஃபுட்பால் வருமானத்தில்தான் ஓடுகின்றன. மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கைகள்.

அவர் சறுக்கியதே இல்லையா?
– வாசகி, நாமக்கல்

சறுக்கினார், 2011-ல். ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் சிலர் தங்கள் பரிசுப் பொருட்களைக் கொடுத்துப் பணமும் பச்சைகுத்தலும் பெற்றார்கள். அன்றைய விதிப்படி அது குற்றம். பயிற்சியாளர் ஜிம் டிரெஸலுக்கு இதுபற்றி 2010 ஏப்ரலிலேயே மின்னஞ்சல் வந்துவிட்டது. அதை உடனே விதிக் கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவர் அனுப்பவில்லை. பல்கலைக்கழகம் அந்த மின்னஞ்சல்களைக் கண்டது 2011 ஜனவரியில்; மே மாதம் டிரெஸல் பதவி விலகினார்.

இதுவரை தவறு பயிற்சியாளருடையது. அடுத்த கணக்கில்தான் ஸ்மித் பிசகினார். கடுந்தண்டனை வருமுன் பல்கலைக்கழகமே தன்னைத் தண்டித்துக்கொள்வது அங்கே வழக்கம். 2010-ன் வெற்றிகளை விட்டுக்கொடுத்தார்கள், உதவித்தொகை இடங்களைக் குறைத்தார்கள். பருவ இறுதிப் போட்டியான ‘பௌல்’ ஆட்டத்தை மட்டும் விடவில்லை. 2011-ல் அணி 6 வெற்றி, 6 தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் இழப்பு சொற்பம். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்போ 2012 பருவத்தின் பௌல் ஆட்டத்துக்குத் தடை போட்டது. அந்தப் பருவத்தில் புதிய பயிற்சியாளர் அர்பன் மையரின் கீழ் 12 ஆட்டங்களிலும் வென்ற அணி, பௌல் ஆட்டத்துக்கோ சாம்பியன் பட்டத்துக்கோ போக முடியாமல் நின்றது.